வேலிகாத்தான் யாருடைய வேலியைக் காக்கிறது?

சீமைக்கருவேலத்துக்கு நம் பக்கத்தில் வேலிகாத்தான் என்று பெயர். ஆரணியிலிருந்து செய்யாறு, போளூர், சேத்துப்பட்டு என்று எந்தச் சாலையில் போனாலும் ஏரி உள்வாயிலும் கமண்டல நாகநதிப் படுகையிலும் அதுதான் மண்டிக் கிடக்கிறது. பல ஊர்களில் காலனியின் சுடுகாட்டுக்குப் போகும் பாதையிலும் அதுதான். பிணத்தைத் தூக்கிப்போகிறவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் அரிவாளோடு போக வேண்டியிருக்கிறது. இந்த முள்ளை ஒழிக்க வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யாருடைய நிலத்தில் முதலில் வெட்டுவது, யார் செலவில் வெட்டுவது, வெட்டிய பிறகு அந்த நிலம் யார் கையில் இருக்கும் என்ற கேள்விகளைத்தான் யாரும் எழுப்புவதில்லை.

முதலில் ஒரு வதந்தியை ஒதுக்கிவிடலாம். நம்மைக் கெடுப்பதற்காகவே அந்நிய நாட்டுக்காரன் அனுப்பிய மரம், காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் மரம் என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது மத்திய, தென் அமெரிக்க வறண்ட நிலத்து மரம். 1877-ல் மதராஸ் மாகாண வனத்துறையே விறகுக்காகக் கடப்பைப் பகுதியில் நட்டது. பிறகு வேலிக்கும் அடுப்புக்கும் என்று ஊரெல்லாம் பரப்பப்பட்டது. நம் பாட்டன்மார் பல் துலக்கிய கருவேலம் வேறு, இது வேறு. இதன் கெடுதலைச் சொல்லக் கட்டுக்கதை தேவையில்லை. வேர் ஆழமாக இறங்குகிறது, அடியில் புல்லை விடுவதில்லை, ஏரியின் கொள்ளளவைத் தின்கிறது.

வைகோ தொடுத்த பொதுநல வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டது. 2017-ன் தொடக்கத்தில் வழக்கறிஞர்கள், மாணவர்கள், அதிகாரிகள் எல்லோரும் அரிவாளும் ஜேசிபியுமாக இறங்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2022-ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. காடு, ஏரி, கால்வாய் பற்றியெல்லாம் பேசியாயிற்று. தலித் மக்களின் பெயரில் இருக்கும் முள்காட்டைப் பற்றிய பேச்சு எங்கே?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-ல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலமாக ஒப்படைக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. பள்ளிக்கூடப் பாடத்தில் இது இல்லை என்பதால் மாணவர்களுக்காக ஒருமுறை சொல்லிவைக்கிறேன். காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அத்தனை விலை கொடுக்கப்பட்ட நிலம் இது.

அப்படிக் கொடுத்த நிலம் எது? பெரும்பாலும் ஏரிப் பாசனம் எட்டாத மேட்டுத் தரிசு. கிணறு கிடையாது. நிபந்தனைப் பட்டாவைக் கொண்டு வங்கியில் கடன் கேட்டால் மேலாளர் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு போகம் மழை பொய்த்தால் பிள்ளைகள் பெங்களூருக்கோ சென்னைக்கோ கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆடு மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும். அது செரிக்காத விதை. அந்த வயிற்றுக்குள் போய்வந்தால்தான் இன்னும் நன்றாக முளைக்கும். ஐந்தாறு ஆண்டில் ஒரு ஏக்கரும் புதர். வரப்பும் தெரியாது, எல்லைக் கல்லும் தெரியாது.

அங்கேதான் மோசடி தொடங்குகிறது. பக்கத்து நிலத்துக்காரரிடம் பணம் இருக்கிறது, ஜேசிபி இருக்கிறது. "சும்மா முள்ளாத்தானே கெடக்குது, நானே சுத்தம் பண்ணித் தரேன்" என்பார். முள் போகும், கல்லும் போகும். அடுத்த ஆனியில் கம்பி வேலி வரும். கேட்டால், நான் திருத்திய நிலம் என்பார். முள்ளை எடுத்தவருக்கே நிலம் என்பது இந்த மண்ணில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. நூறாண்டுக்கு முன் கைநாட்டு வாங்கிப் பிடுங்கியதன் இன்றைய வடிவம் இது.

வெட்டுவது பெரிய வேலை இல்லை, வேரெடுப்பதுதான் வேலை. தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கே அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தோடு தோண்ட வேண்டும். தோண்டிய பிறகும் மண்ணில் கிடக்கும் விதை ஆண்டுக்கணக்கில் முளைத்துக்கொண்டிருக்கும். கன்றாக இருக்கும்போதே பிடுங்கி, உடனே உழுது பயிர் வைத்தால்தான் நிலம் தங்கும். 100 நாள் வேலையில் நம் பெண்கள் ஏரிக்கரையில் வெறுங்கையோடு இந்த முள்ளைச் சீவிச் சீவி, அது வளர, மறுபடியும் சீவியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலில் தைத்த முள் சீழ் கட்டினால் மருந்துச் செலவு அவர்களுடையது. அந்த 100 நாள் வேலைச் சட்டத்தின் பணிப் பட்டியலில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் சொந்த நிலத்தைத் திருத்துவதும் இருந்தது. அதே பெண்கள் தங்கள் நிலத்தில் கூலியோடு வேரெடுத்திருக்கலாம். எத்தனை ஊராட்சிகள் அப்படி ஒரு தீர்மானம் போட்டன?

வெட்டிய மரத்துக்கும் ஒரு கதை உண்டு. விறகு காசு, கரி காசு. ஏலம் எடுப்பவர் வெளியூர்க்காரர், வெட்டுபவர் பெரும்பாலும் இருளர். முன்பணம் என்ற சொல்லுக்கு ஆரணிக்காரர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, தறிக்குழியில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படத்தை நாடே பார்த்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். கொத்தடிமையை ஒழித்த பிறகும் முள்ளை ஒழிக்கும் வேலைக்குக் கொத்தடிமைதான் கிடைத்தான்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். காலனியில் பல அடுப்புகள் இன்னும் இந்த விறகில்தான் எரிகின்றன. சிலிண்டர் வாங்கிய வீட்டிலும் மாசக் கடைசியில் வேலிகாத்தான்தான். ஆகவே ஒரே நாளில் மொட்டையடிப்பதை நான் கேட்கவில்லை. நம் பெயரில் உள்ள நிலத்தில் அரசு செலவில் வேரெடுப்பு, அந்த விறகு நமக்கே, வேரெடுத்த இடத்துக்குத் தண்ணீர். இதற்கு வழியில்லாமல் இல்லை. கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் 10 முதல் 15 ஏக்கர் தரிசைத் தொகுப்பாகச் சேர்த்து, முள்ளை அகற்றி, ஆழ்துளைக் கிணறு போட இடமிருந்தது. எட்டுப் பத்து பட்டாதாரர்கள் ஒன்றுசேர வேண்டும். நம் நிலங்கள் அடுத்தடுத்து ஒரே இடத்தில் இருப்பதால் இது நமக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. வேளாண் பொறியியல் துறையில் இயந்திரம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்.

ஆரணிக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் ஏ பதிவேட்டை எடுங்கள். இணையத்தில் பார்க்கலாம், விஏஓ அலுவலகத்திலும் கேட்கலாம், தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தச் சர்வே எண் பஞ்சமி நிலம், அதில் இன்று நிற்பது முள்ளா, கம்பி வேலியா என்று நடந்துபோய்ப் பார்த்து எழுதுங்கள். முள் நிற்கும் எண்களுக்கு முதலில் நில அளவை கேட்டு வட்டாட்சியரிடம் மனு. கல் நட்ட பிறகுதான் இயந்திரம் உள்ளே வர வேண்டும். கம்பி நிற்கும் எண்களுக்கு ஆட்சியரிடம் தனி மனு. கிராம சபையில் இரண்டையும் தீர்மானமாக வையுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.