கடவுச்சொல்லைக் காப்பது மக்களின் கடமை மட்டுமா?
பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு, இணையப் பாதுகாப்பு, அரசின் பொறுப்பு பற்றி எங்கள் நிலைப்பாடு

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்தில் தொண்டூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வசிக்கும் விவசாயிகள், பெற்றோர், ஆசிரியர்கள், மகளிர் குழுவினர், கல்லூரி மாணவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. கட்சி சார்பு கிடையாது. கைபேசி வழியாகப் பணம் பறிபோவதையும், பிள்ளைகள் ஆட்டத்தில் மூழ்குவதையும், அரசு அலுவலகங்களில் கொடுத்த விவரங்கள் எங்கெங்கோ போய்ச் சேர்வதையும் பற்றிக் கூடிப் பேசி, கீழ்க்கண்ட நிலைப்பாட்டை எடுத்திருக்கிறோம்.

சுருக்கம் இதுதான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை தேவை. ஆடி ஏமாந்தவரைத் தண்டிக்கக் கூடாது. மக்களின் விவரங்களை வாங்கி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அது அரசே ஆனாலும், அவை கசிந்தால் பாதிக்கப்பட்டவரிடம் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்டு வாங்க, தகவல் அறியும் உரிமைச் சட்டம் பழைய வலுவோடு இருக்க வேண்டும்.

எங்கள் மாவட்டம் கற்றுக்கொண்ட பாடம்

பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தத் திட்டத்தில் நடந்த மோசடி தமிழ்நாட்டில் வெளியே வந்தபோது, விழுப்புரமும் பக்கத்து மாவட்டங்களான கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலையும் செய்தியில் முன்னால் நின்றன. ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும் விவசாயி என்று பட்டியலில் ஏறியிருந்தார்கள். தகுதியில்லாத பெயர்கள் 5 லட்சத்துக்கும் மேல், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே கணக்குச் சொன்னது.

இதற்கு வெளிநாட்டு ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை. வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கென்று கொடுத்திருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரகர்களின் கைக்கும் தனியார் கணினி மையங்களுக்கும் போய்விட்டன. அங்கே உட்கார்ந்து பெயர்களை ஏற்றினார்கள். 80 ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டதாகவும் 34 அலுவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகவும் அப்போதைய வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கொரோனா நிவாரணம் என்று தரகர் சொன்னதை நம்பிக் கமிஷன் கொடுத்துப் பெயர் சேர்த்தவர்களின் கணக்கிலிருந்து தொகை திரும்பப் பிடிக்கப்பட்டது. கமிஷன் போனது போனதுதான்.

“ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்கிறது அரசு. நல்ல அறிவுரைதான், நாங்களும் அதையே சொல்கிறோம். ஆனால் அரசு தன் கடவுச்சொல்லைத் தானே காக்கவில்லை என்பதை எங்கள் மாவட்டம் கண்ணால் பார்த்தது. இணையப் பாதுகாப்பு என்றதும் குற்றத்தைக் குடிமகனின் அசட்டுத்தனத்தில் கொண்டுபோய்க் கட்டும் பேச்சை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு

பையன்கள் மாலையில் ஃப்ரீ ஃபயர் ஆடுவதைச் சூதாட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. நேரம் போகிறது, கண் கெடுகிறது, ‘டைமண்ட் டாப்-அப்’ என்று அம்மாவின் கூகுள் பே-யிலிருந்து பணம் போகிறது. இதெல்லாம் உண்மை. இவற்றை வீடும் பள்ளியும் பார்த்துக்கொள்ள வேண்டும். போலீஸ் வந்து தீர்க்கும் விஷயம் அல்ல.

2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை ஒன்றிய அரசு தடை செய்தது. அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி போனது, 2021இல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. 2022இல் மறுபடி மறைந்தது. 2023இல் மறுபடி வந்தது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று பொதுவாகச் சொன்னார்களே தவிர, என்ன ஆபத்து, அது எப்படித் தீர்ந்தது என்று ஆணையைப் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வரும் முடக்கல் நடவடிக்கைகளை ரகசியமாக வைக்க 2009ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. காரணம் தெரியாத தடையைப் பதின்வயதுப் பிள்ளைகள் மதிப்பதில்லை. சுற்றி வர வழி தேடுகிறார்கள்.

பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர், பந்தயம் ஆகியவை வேறு ரகம். பணத்தைத் தொலைத்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு வருடக்கணக்கில் படித்தது. சட்டம் வந்த வழி அதைவிட நீளம். 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அக்டோபர் 19 அன்று சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என். ரவி அதை மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய பின், 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. இடையில், 2022இல் பிறப்பித்த இன்னொரு அவசரச் சட்டமும் காலாவதியாகி, ஆட்டம் தடையின்றி நடந்தது. அந்த மாதங்களில் பணம் இழந்த குடும்பங்களுக்கு யார் பொறுப்பு என்று எந்த அலுவலகமும் சொல்லவில்லை.

2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கு முந்தைய மாதம்தான், ஆடுவோர் கட்டும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்திருந்தது. நாசம் என்று மேடையில் சொன்ன ஆட்டத்திலிருந்து ஒன்றிய அரசும் மாநில அரசும் வரியைப் பங்கிட்டுக்கொண்டன.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கே இடம் வைக்காமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்கிறது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இந்த மூன்றையும் வரவேற்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டமோ ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இது மாற வேண்டும். சிறைக்குப் பயப்படுகிறவர் வீட்டில்கூட வாய் திறக்க மாட்டார். கடன் கழுத்தை நெரித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

ஒன்றியச் சட்டம் மக்களவையில் அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாத குறையாக ஒரே நாளில் நிறைவேறியது என்பதையும் பதிவு செய்கிறோம். நோக்கம் நல்லது என்பதற்காக விவாதத்தைக் கைவிட்டால், நீதிமன்றத்தில் ஓட்டை தெரியும். 2021இல் பட்டது போதும்.

கொடுத்த ஆதார் இப்போது எங்கே?

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடை, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது, ஆதார் வழியாக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றமும் இவற்றை ஏற்றது. வயதுக் கட்டுப்பாட்டிலும் நேரக் கட்டுப்பாட்டிலும் எங்களுக்கு மறுப்பில்லை. ஆதாரில் மறுப்பு உண்டு. மூன்று மாதத்துக்குள் ஒன்றியச் சட்டம் வந்து, பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. அதுவரை அவை ஆடியவர்களிடம் வாங்கிய அடையாள விவரங்கள், வங்கிக் கணக்கு, இழப்புக் கணக்கு எல்லாம் என்ன ஆயின? அழித்தார்களா, விற்றார்களா? சூதாட்டத்தில் தோற்று, கடனில் இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் கடன் செயலிக்காரனுக்கும் மோசடிக்காரனுக்கும் எவ்வளவு பயன்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசு வசம் உள்ள விவரங்களின் கதையும் நம்பிக்கை தருவதாக இல்லை. 2021இன் நடுவில், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கிடப்பதாக ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் வெளியே சொன்னது. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவரங்கள் டெலிகிராமில் வந்தபோது, ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஆதாரமற்ற செய்தி என்றது. அதே மாதம் ஒருவர் கைதானார். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்திலேயே ஊடுருவல் நடந்தது. இதில் எதிலும், “உங்கள் விவரம் போய்விட்டது, கவனமாக இருங்கள்” என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் குறுஞ்செய்தி வரவில்லை.

கீழ்மட்டத்தில் விவரம் கசிவது இன்னும் எளிது. வருமானச் சான்றுக்கு நெட் சென்டர் போனால், ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அச்செடுத்த பிறகு அந்தப் படங்கள் கடைக் கணினியின் டவுன்லோட் பகுதியிலேயே கிடக்கின்றன. பதிவு செய்யும் கைபேசி எண் பல நேரம் கடைக்காரருடையது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாச் சேவையையும் இணையத்துக்கு மாற்றிவிட்டு, அதைப் பாதுகாப்பாகச் செய்ய இடமும் ஆளும் தராதது அரசின் குறை.

பணம் போன பிறகு

சைபர் மோசடிகளில் நாடு முழுவதும் மக்கள் இழந்த தொகை 2023இல் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் சுமார் 22,845 கோடி. நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கு இது. பணம் போனால் 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அலைச்சல். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க முடியும். உள்ளூர் நிலையத்தில் போய் நின்றால், விழுப்புரம் சைபர் குற்றப் பிரிவுக்குப் போங்கள் என்பார்கள். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும்.

இன்னொரு அநியாயமும் உண்டு. மோசடிப் பணத்தில் நூறு ரூபாய் கைமாறி ஒரு டீக்கடைக்காரரின் கணக்குக்கு வந்தால், வேறு மாநிலப் போலீஸ் அனுப்பிய கடிதத்தின் பேரில் அவர் கணக்கே முடக்கப்படலாம். யாரிடம் போய் நிரபராதி என்று சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

கேட்டால் சொல்லும் அரசு வேண்டும்

நிறுவனங்களில் இணைய ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணை வந்தது. 2023 நவம்பரில் அதே செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்க வழி செய்தது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் உடனே அமலுக்கு வந்தது. தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிக்கோ 18 மாத அவகாசம்.

பொதுநலன் இருந்தால் 8(2) பிரிவின்படி தரலாமே என்கிறது அரசு. தரலாம். ஆனால் பொதுநலனை நிரூபிக்கும் சுமை, நூறு நாள் வேலை வருகைப் பதிவேட்டைக் கேட்கும் கூலிக்காரர் தலையில் விழுகிறது. கிசான் மோசடியில் போலிப் பெயர்கள் வெளியே தெரிந்ததற்குக் காரணம், பட்டியலைப் பார்த்து, “இவருக்கு ஏது நிலம்?” என்று ஊர்க்காரர் கேட்க முடிந்ததுதான். பட்டியலை மூடிவிட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும்.

எங்கள் தொண்டூரில் சமணத் துறவிகளின் கற்படுக்கை இருக்கிறது. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, யார் ஏவியது, எந்த ஊரின் அறம், யார் செய்தது என்ற மூன்றையும் சொல்கிறது. அறிஞர்கள் அதை ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அரசுக் கணினியில் ஏறும் ஒவ்வொரு பதிவுக்கும் நாங்கள் கேட்பது இந்த மூன்றும்தான்.

எங்கள் கோரிக்கைகள்

1. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கான சிறைத் தண்டனையை நீக்கி, மீள விரும்புவோருக்கு அரசு மருத்துவமனைகளில் இலவச மனநல ஆலோசனை தர வேண்டும்.

2. பண ஆட்ட நிறுவனங்கள் வாங்கி வைத்த ஆதார், வங்கி விவரங்கள் என்னவாயின என்று தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் தணிக்கை செய்து அறிக்கை வெளியிட வேண்டும்.

3. அரசுத் துறையிலிருந்து விவரம் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தமிழில் தெரிவிக்க வேண்டும்.

4. அலுவலர் கடவுச்சொல்லை வெளியாள் பயன்படுத்தியது தெரிந்தால், ஒப்பந்தப் பணியாளரோடு நிறுத்தாமல், மேற்பார்வை அதிகாரிவரை பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும்.

5. செஞ்சியில் வாரம் ஒரு நாளாவது சைபர் குற்றப் பிரிவு முகாம் நடத்த வேண்டும். முடக்கப்பட்ட கணக்குகளை விடுவிக்கக் காலக்கெடு வேண்டும்.

6. இணையதளத்தையோ செயலியையோ முடக்கும் ஆணைகளைக் காரணத்தோடு வெளியிட வேண்டும்.

7. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைப் பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

எங்கள் பங்கு

கோரிக்கை வைத்துவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடாதிருப்பது, கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை வாடகைக்கு விடாதிருப்பது, நெட் சென்டரில் தன் எண்ணையே பதிவு செய்து படங்களை அழிக்கச் சொல்வது என்று மகளிர் குழுக் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் சொல்லித் தருகிறோம். ஏமாந்தவரைக் கேலி செய்வதில்லை என்று எங்களுக்குள் உறுதி எடுத்திருக்கிறோம்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இந்த ஏழு கோரிக்கைகளையும் தீர்மானமாக முன்மொழியப்போகிறோம். சுற்றுவட்டார ஊராட்சிகளில் உள்ளவர்கள் தங்கள் கிராம சபையிலும் இதையே கொண்டுவர வேண்டும். வந்து கை தூக்குங்கள். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை பதில் கேட்க அது தேவைப்படும்.