வசையாகிப்போன ஊர்ப்பெயர்

எஹலியகொடைக் கடைவீதியில் நின்று சிறிது நேரம் செவிகொடுத்தால் போதும். "அங்கொடை" என்னும் பெயர் எப்படியும் காதில் விழும். குறும்பு செய்யும் பிள்ளையை அதட்டும் தாயும், கணக்கில் பிசகிய சிப்பந்தியைக் கடியும் முதலாளியும் அப்பெயரைத் தாராளமாக எடுத்து வழங்குகின்றனர். கொழும்புக்கு அருகே உள்ள ஓர் ஊர், 1920-களில் அங்கே மனநோயாளருக்கென ஒரு பெரிய வைத்தியசாலை எழுந்த ஒரே குற்றத்துக்காக, வசைச்சொல் ஆகிவிட்டது. கடல் கடந்து சென்னைக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே அங்கொடையின் இடத்தில் கீழ்ப்பாக்கம். திரைப்பட நகைச்சுவை நடிகர்கள் அதற்குச் செய்த விளம்பரம் கொஞ்சமன்று.

நோயாளரைக் காப்பதற்கென்று எழுந்த இல்லத்தின் பெயரைக் கேட்டே மக்கள் அஞ்சுவானேன்? இதற்கு விடை தேடப் புகுந்தால் இரண்டு பெண்மணிகளின் வரலாறு நம் முன் வருகின்றது. ஒருவர், நோயாளருக்கு ஒரு கூரை வேண்டும் என்று ஊர் ஊராய் அலைந்தவர். மற்றவர், அக்கூரையின் கீழ் அடைபட்டோரை மீண்டும் வீட்டுக்கு அனுப்பப் பாடுபட்டவர். இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

முன்னவர் அமெரிக்காவில் 1802-ஆம் ஆண்டில் பிறந்த டோரதியா டிக்ஸ் அம்மையார். பாடசாலை நடத்தியும் சிறுவர்க்கு நூல் எழுதியும் வாழ்ந்தவர், மணம் புரியவில்லை, பாட்டியார் விட்டுச்சென்ற சொத்து அவருக்குப் பிழைப்புக் கவலை இல்லாமற் செய்தது. 1841-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஒரு சிறைச்சாலைக்கு, கைதிப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் சொல்லிக்கொடுக்கச் சென்றார். எக்குற்றமும் செய்யாத புத்தி பேதலித்த பெண்கள் சிலர், நெருப்பில்லாத குளிரறையில் குற்றவாளிகளோடு அடைபட்டிருக்கக் கண்டார். கணப்பு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, சித்தம் கலங்கியவர்களுக்குக் குளிர் தெரியாது என்று விடை வந்ததாம்!

அவ்விடை அம்மையாரைச் சும்மா இருக்க விடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிறைகளையும் ஏழையர் விடுதிகளையும் நேரில் சென்று பார்த்தார். கூண்டிலும் நிலவறையிலும் தொழுவத்திலும் சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்தோரைப் பற்றி ஊர்வாரியாகக் குறிப்பெடுத்து, 1843-இல் சட்டசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பெண்ணுக்கு வாக்குரிமையே இல்லாத காலம். அவர் எழுதியதைச் சபையில் வைக்க ஓர் ஆடவர் வேண்டியிருந்தது. அடுத்து நியூ ஜெர்சி மாநிலத்திலும் அவ்வாறே செய்தார். அதன் பயனாக டிரென்டன் நகரில் 1848-இல் ஒரு மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதனை அவர் தம் தலைப்பிள்ளை என்று அழைப்பதுண்டு. பின்னும் பல மாநிலங்களில் இத்தகைய இல்லங்கள் எழ அவர் காரணமாயிருந்தார். நோயாளர் நலனுக்கென ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட அரசாங்க நிலத்தை ஒதுக்கும் மசோதா இரு சபைகளிலும் நிறைவேறிய பின், 1854-இல் ஜனாதிபதி பியர்ஸ் அதைத் தள்ளிவிட்டது அம்மையாருக்குப் பேரிடி. முதுமையில் அந்த டிரென்டன் வைத்தியசாலையிலேயே சில அறைகள் பெற்று வாழ்ந்து, 1887-இல் அங்கேயே கண்மூடினார்.

அம்மையார் கனவு கண்டது காற்றும் வெளிச்சமும் தோட்டமும் இதமான பேச்சும் உள்ள இல்லம். ஆனால் நோயைத் தணிக்கும் மருந்து அந்நாளில் எவரிடமும் இல்லை. வந்தவர் பலர், திரும்பியவர் சிலர். கொண்டுவந்து விட்ட உறவினர் மெல்ல மெல்ல வராமற் போயினர். இல்லம் நிரம்பியது, மதில் உயர்ந்தது, பெயர் கெட்டது. அமெரிக்காவில் மட்டுமன்று, உலகெங்கும் இதுவே நடந்தது. சென்னையில் 1794-இல் ஆங்கில மருத்துவர் ஒருவரால் சிறு மனையாகத் தொடங்கப்பெற்று, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய காப்பகமும் அவ்விதியிலிருந்து தப்பவில்லை.

அந்தக் கீழ்ப்பாக்கத்துக்கு 1959-இல் வந்தவரே நாம் சொல்ல வந்த இரண்டாமவர், டாக்டர் சாரதா மேனன். மங்களூரில் 1923-இல் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்று, பெங்களூரில் மனநோய் மருத்துவம் பயின்றவர். இந்தியாவில் இத்துறையில் பயிற்சி பெற்ற முதற் பெண்மணி என்று போற்றப்படுபவர். 1961-இல் அந்த வைத்தியசாலையின் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றார். அப்பதவியில் அமர்ந்த முதற் பெண்ணும் அவரே.

அவர் வந்த காலமும் நல்ல காலம். 1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் பயன்படுத்திக் காட்டிய குளோர்புரோமசின் என்னும் மருந்து உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. டிக்ஸ் அம்மையாருக்குக் கிட்டாத ஆயுதம் இவருக்குக் கிட்டியது. ஆனால் மாத்திரை நோயைத் தணிக்குமேயன்றி, தணிந்தவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வண்டி அனுப்புமா? ஆகவே வெளிநோயாளர் சிகிச்சையை வளர்ப்பதிலும், மாவட்ட வைத்தியசாலைகளில் மனநோய்ப் பிரிவுகள் அமைவதிலும், நோய் தணிந்தோருக்குக் கைத்தொழில் கிடைப்பதிலும் அவர் கருத்தூன்றினார்.

1978-இல் ஓய்வு பெற்றார். நம்மில் பலர் அத்துடன் பேரப்பிள்ளைகளும் கோயில் குளமுமாக இருந்துவிடுவோம். இவரோ 1984-இல், அறுபது வயது கடந்த பின், சென்னையில் மனச்சிதைவு நோயாளருக்கென 'ஸ்கார்ஃப்' என்னும் நிலையத்தைத் தோற்றுவித்தார். சிகிச்சை, ஆராய்ச்சி, மறுவாழ்வு மூன்றும் அங்கே ஒன்றாய் நடைபெறுகின்றன. நோயாளரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஒருவர்க்கொருவர் துணைநிற்க 'ஆஷா' என்னும் அமைப்பு உருவாகவும் அவர் தூண்டுகோலாயிருந்தார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெருமாட்டி 2021 டிசம்பரில், 98-ஆம் வயதில் காலமானார்.

இத்தனைக்குப் பிறகும் 2001 ஆகஸ்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். அந்நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. நூல் கட்டுவோர் கட்டட்டும், நேர்த்தி வைப்போர் வைக்கட்டும். மாத்திரையையும் விழுங்கினால் எந்தத் தெய்வமும் கோபிக்காது. சங்கிலியைத்தான் பொறுக்க முடியாது.

நம் தோட்டங்களில் சங்கிலி இல்லாதிருக்கலாம். மூடிய கதவு உண்டு. லயத்தில் ஒரே காம்பராவில் ஆறு பேர் வாழும் வீட்டில், பேச்சு மாறிப்போன ஒரு பிள்ளையை மறைப்பது எத்துணை கடினம்! ஆயினும் மறைக்கிறார்கள். மூத்தவளுக்குப் பேசிய வரன் தட்டிப்போகும் என்ற அச்சம். "அங்கொடைக் கேஸ்" என்று பக்கத்து லயத்தார் சொல்லிவிடுவார்களே என்ற அச்சம். அந்த அங்கொடைக்கும் இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். அதன் தொலைபேசி எண் 1926. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை; இரத்தினபுரி வைத்தியசாலையிலேயே மனநோய்ச் சிகிச்சை உண்டு.

துணிந்து போகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒரு நாள் பேரை இழந்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறும் தாய்மாரை நாம் கண்டதுண்டு. மாலையில் மருந்துப் பையோடு திரும்பும்போது, எங்கே போய் வந்தாய் என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டால், "பயலுக்குக் கண் காட்டப் போனோம்" என்பார்கள்.