விளம்பரத்து வாப்பாவும் எங்கட ஊர் வாப்பாமாரும்



இந்தியச் சனல்கள் ஓடாத வீடு எங்கட பக்கம் குறைவு. அதில் வரும் விளம்பரங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2015இல் ஏரியல் சலவைத்தூள்காரர் இந்தியாவில் ‘ஷெயார் த லோட்’ என்று ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். உடுப்புத் தோய்ப்பது பெண்ணுக்கு மட்டுமான வேலையா என்பது கேள்வி. 2016இல் வந்த படத்தில், வேலையால் வந்த மகள் ஓடி ஓடி வீட்டு வேலையும் பார்ப்பதை வயதான தகப்பன் காண்கிறார். மருமகன் டீவி முன்னால். மகளிடம் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போய் உடுப்புத் தோய்க்கிறார்.

நல்ல படம்தான். ஆனால் 2019இல் இந்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைக்கிறவர்களை மட்டும் எடுத்தாலும், பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் ஹகீஸ் விளம்பரம், தகப்பனிடம் பிள்ளையை விடுவதையே தங்கள் நப்பிக்குப் பெரிய சோதனை என்று காட்டியது. தகப்பன்மார் எதிர்த்தார்கள், கம்பனி விளம்பரத்தை மாற்றியது. 2019இல் பிரிட்டனில் ஒரு சீஸ் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. அதில் இரண்டு தகப்பன்மார் சாப்பாட்டு ருசியில் பிள்ளைகளையே மறந்துவிடுகிறார்கள்.

ஒன்றில் வீரன், இல்லாட்டி மடையன். இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: பிள்ளை பார்ப்பது ஆணுடைய வேலை இல்லை.

இனி எங்கட ஊருக்கு வாருங்கள். போருக்குப் பிறகு தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் ஆணுடைய வேலையும் செய்கிறார்கள். அவர்களைத் தைரியசாலி என்கிறோம், அது சரிதான். உம்மா வெளிநாட்டில் உழைக்க, மகளுக்குத் தலை பின்னி, சோறு கட்டி அனுப்பும் வாப்பாவை என்ன சொல்கிறோம்? சந்தியில் வைத்துப் பகிடி பண்ணுகிறோம். அந்தப் பகிடி பிள்ளையின் காதிலும் விழுகிறது. சோறு யார் கட்டினது என்று கேட்டால், “வாப்பா” என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலை குனியும் பிள்ளைகளை வகுப்பில் கண்டிருக்கிறேன்.

மார்க்கம் ஆணுக்கு வேறு பொறுப்புத் தந்திருக்கிறதே என்பார்கள் சிலர். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்டபோது, குடும்பத்தாருக்குப் பணி செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்றே பதில் வந்தது. புகாரியில் இருக்கிறது. நாங்கள் அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சட்டமும் எங்களைப் போலத்தான் நினைக்கிறது. அரச வேலையில் பிள்ளை பிறந்தால் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 நாள் லீவு, தகப்பனுக்கு 3 நாள். தனியார் துறையில் அந்த மூன்று நாளுக்கும் சட்டம் இல்லை.

விளம்பரக்காரர் எங்கட வாப்பாமாரைக் காட்டப் போவதில்லை. அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு உம்மாமாரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் வாருங்கள். பிள்ளையின் கொப்பியை ஒருதரம் திறந்து பாருங்கள். சந்தியில் யாரும் பகிடி தொடங்கினால், நீங்கள் சிரிக்காமல் இருங்கள். அதுவே போதும், அந்தப் பிள்ளை தலை நிமிர.