இருட்டில் புளியோதரை

ஆசிரியருக்கு,

டிரைவ்-இன் திரையரங்குகள் பற்றிய கட்டுரையில், கிழக்குக் கடற்கரைச் சாலை பிரார்த்தனாவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு அதுதான் கோடை விடுமுறை.

அப்பா காரைத் திருப்பி நிறுத்தி டிக்கியைத் திறப்பார். பாய் விரித்ததும் அம்மாவின் எவர்சில்வர் தூக்கிலிருந்து புளியோதரை வரும். இருட்டில் தட்டைத் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் தம்பி அப்பளத்தைக் காலி செய்திருப்பான். கொசுக்கடி வேறு. காற்று திசை மாறினால் வசனம் பாதி பறந்துவிடும். பக்கத்துக் காரில் சிரித்தால் நாங்களும் சிரித்துவைப்போம்.

1933-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முதல் டிரைவ்-இன்னைத் திறந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், முன் கார் பின்காரை மறைக்காதபடி சரிவு மேடுகள் அமைத்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இருட்டினால்தான் படம் என்பது மட்டும் கடைசிவரை தீராத சிக்கல். டிரைவ்-இன் வியாபாரம் நொடித்ததற்கு டி.வி.யை மட்டும் குறை சொல்வது சரியல்ல. நிலத்தின் விலையும் சேர்ந்துதான் விழுங்கியது.

இன்றைய மல்டிபிளெக்ஸில் முறுக்குப் பொட்டலத்தைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வாசகர்களிடம் பிரார்த்தனாவின் பழைய புகைப்படங்கள் இருந்தால் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

— ஒரு வாசகி, அடையாறு, சென்னை