பொம்மைக்கு வண்ணம் பூசுவது சின்னப் பிள்ளை வேலையா?
மனதுக்கு ஓய்வு உண்டு. பெயிண்டிலும் பணத்திலும் உஷார் வேண்டும்!

சென்னையில் ஆபீஸ் விட்டு, மின்சார ரெயிலில் நசுங்கி, பஸ்சில் தொங்கி வீடு வந்து சேருகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு டம்ளர் காபி. அடுத்தது செல்போன். கட்டைவிரல் மட்டும் வேலை செய்கிறது. மணி 11 ஆகிறது. தலைவலி குறைந்தபாடில்லை.

கடைக்காரர்கள் கதையும் இதுதான். பகலெல்லாம் கணக்கு, கடன், சில்லறைத் தகராறு. ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகும் மண்டைக்குள் கடை திறந்தே இருக்கிறது. அந்த எரிச்சல் வீட்டில் வெடிக்கிறது. சில வீடுகளில் அது போலீஸ் நிலையம் வரைக்கும் வந்துவிடுகிறது.

இதற்கு மருந்து மாத்திரை தேட வேண்டாம். ஒரு மண் பொம்மை, ஒரு பிரஷ், நாலு வண்ணம், ஒரு மணி நேரம். இது போதும்!

சொன்னால் சிரிக்கிறார்கள். "என்னய்யா இது, சின்னப் புள்ள வேலை?" என்கிறார்கள். "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு.

கை வராவிட்டாலும் பலன்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2016-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 39 பேரை உட்கார வைத்து 45 நிமிஷம் களிமண், வண்ணப் பேனா, காகிதம் கொடுத்து இஷ்டம் போல் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். மனது இறுக்கமாக இருக்கும்போது உடம்பில் ஊறும் 'கார்ட்டிசால்' என்ற சுரப்பு, சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது.

39 பேர் என்பது சின்னக் கணக்குதான். எல்லோருக்கும் குறையவும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முன்பே படம் வரைந்து பழகியவருக்கும், பிரஷ்ஷே பிடிக்காதவருக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, அழகாக வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பொம்மையின் புடவைக் கரையில் மெல்லிய கோடு இழுக்கும்போது கண்ணும் கையும் ஒரே இடத்தில் நிற்கின்றன. மேனேஜர் திட்டியது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

பரணில் கிடக்கும் செட்டியார்

எங்கே தொடங்குவது? பல வீடுகளில் பரணிலேயே சரக்கு இருக்கிறது. மூக்கு உடைந்த செட்டியார் பொம்மை, நிறம் போன கிருஷ்ணன், விரல் இல்லாத மீனாட்சி! நவராத்திரி வரும்போது புதுசு வாங்குகிறார்கள். பழசைக் குப்பையில் போடுகிறார்கள். இது அநியாயம். பாட்டி காலத்துப் பொம்மை கடையில் கிடைக்காது.

பழைய பொம்மையைத் தண்ணீரில் கழுவக்கூடாது. சுடாத மண்ணும் காகிதக்கூழும் ஊறிக் குழைந்துவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். உடைந்த விரலுக்கு எம்-சீல் வைத்து உருட்டிப் பிடிக்கலாம். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மேலே ஒரு கை வெள்ளை பிரைமர் அடிக்க வேண்டும். பிறகு வண்ணம். பெரிய பகுதிகள் முதலில், நகையும் கரையும் அடுத்து. கண்ணைக் கடைசியில் எழுதுவதுதான் பொம்மைக்காரர்களின் வழக்கம். அதற்கு 0 நம்பர் பிரஷ் வேண்டும்.

பரணில் பொம்மை இல்லாதவர்களுக்கு அகல் விளக்கு இருக்கிறது. புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் பிறகு எண்ணெயைக் குடிக்காது. ஆனால் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணம் பூச வேண்டும். ஈரம் இருந்தால் உரிந்து வரும். வெளிப்பக்கம் மட்டும் பூசினால் போதும். திரி கிடக்கும் மூக்கிலும் உள்ளேயும் பூசினால் சூட்டில் கருகி நாறும்.

பெயிண்டில் உஷார்!

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜன்னலுக்கு அடித்தது போக மிச்சம் இருக்கும் எனாமல் டப்பாவை எடுத்து, தின்னர் ஊற்றிக் கலக்குகிறார்கள். அது வேண்டாம்! தின்னர் சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். ஒரே அறையில் அடுப்பு, கொசுவர்த்தி, பக்கத்தில் பிள்ளைகள். விபரீதத்துக்கு வேறென்ன வேண்டும்?

பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஈயம் சேர்ப்பது ஒரு காலத்தில் சகஜம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. 2017 நவம்பர் முதல் அது அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய டப்பா எதையும் பொம்மைக்குத் தொடக்கூடாது. பழைய பொம்மையின் பெயிண்டைச் சுரண்டும்போது பறக்கும் தூசியும் ஆபத்து. ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல அதற்கு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம்தான் வீட்டுக்கு ஏற்றது. நாற்றம் குறைவு. சீக்கிரம் காயும். காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. பிரஷ்ஷை மட்டும் உடனே கழுவ வேண்டும். காபி டம்ளரில் கழுவாதீர்கள். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கவும் வேண்டாம்.

"அட்வான்ஸ் கட்டுங்க, மேடம்!"

இரண்டாவது ஆபத்து பையைப் பிடித்தது. "வீட்டில் சும்மா உட்கார்ந்தே சம்பாதிக்கலாம்" என்று செல்போனில் விளம்பரங்கள் வருகின்றன. பென்சில் பேக்கிங் என்று சொல்லிப் பலரை மொட்டை அடித்த மோசடி நாடறிந்தது. நாளைக்கே அது 'அகல் விளக்குக்கு வண்ணம் பூசும் வேலை' என்று பெயரை மாற்றிக்கொண்டு வரலாம்.

ஏமாற்று வித்தை ஒன்றுதான். முதலில் பதிவுக் கட்டணம். பிறகு கூரியர் செலவு. அப்புறம் டெபாசிட். சரக்கு மட்டும் வராது! "ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, கோர்ட் நோட்டீஸ் வரும்" என்று மிரட்டிக் கறப்பதும் உண்டு.

வேலை கொடுக்கிறவன் கூலி கொடுப்பான், பணம் கேட்கமாட்டான். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணம் கை மாறிப் போய்விடும்.

விலை போட வேண்டாம்

காஞ்சீபுரம் பொம்மைக்காரத் தெருவிலும், பண்ருட்டியிலும், மதுரை அருகே விளாச்சேரியிலும் பொம்மை செய்தே வயிறு வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இது பிழைப்பு. மழை பெய்தால் பொம்மை காயாது. காயாவிட்டால் சீசன் போச்சு! ராத்திரி ஒரு மணி நேரம் பிரஷ் பிடிக்கிறவர்கள் அவர்களோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் அவர்கள் பொம்மையைப் பேரம் பேசிக் கொல்லாமல் வாங்கினாலே பெரிய காரியம். எத்தனை கோடு, எத்தனை மெனக்கெடல் என்பது, தானே ஒரு கண் எழுதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் "இதில் என்ன வரும்?" என்று கேட்கிறார்கள். பொம்மைக்கு வண்ணம் பூசினால் பணம் வராது. தூக்கம் வரும். வீட்டில் சண்டை ஒன்று குறையும். அதற்கு மேல் அந்தச் செட்டியார் பொம்மையிடம் என்ன எதிர்பார்ப்பது?