பாட்டியின் கொல்லையும் பன்னிரண்டு ஆண்டு விதியும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதன்பிறகு பல வாரங்கள் தொலைக்காட்சிகளுக்குக் கல்வராயன் மலை என்றால் ஊறலும் அடுப்பும்தான். கருணாபுரத்து மக்களைக் கொன்றது மெத்தனால். மெத்தனால் மலையில் விளைவதில்லை. ஆனாலும் 'சாராய மலை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை பற்றியெல்லாம் பேச்சு வந்தது. நிலம் பற்றி நம் ஆட்கள்கூட அதிகம் பேசவில்லை.

நிலச் சட்டம் என் ஆய்வுப் பொருள். மலைக்குப் போனபோது ஒரு பாட்டி தன் கொல்லையைக் காட்டினார். சாமை அறுத்து முடித்திருந்தது, ஓரத்தில் மரவள்ளி. "எங்க மாமனாருக்கு அப்பன் திருத்துன கொல்லை சாமி இது" என்றார். பட்டா இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அதில் இருந்தவை பட்டா அல்ல. வனத்துறை அபராதம் போட்ட ரசீதுகள். தன் கொல்லையை உழுததற்குத் தானே கட்டிய தண்டம்.

சட்டக் கல்லூரியில் நாங்கள் மனப்பாடம் செய்த விதி நினைவுக்கு வந்தது: எதிரிடை அனுபவம். அடுத்தவர் நிலத்தை வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டு அனுபவித்தால், நிலத்தை மீட்டுக் கேட்கும் உரிமையை அவர் இழந்துவிடுகிறார். 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் சொல்வது இது. அரசு நிலம் என்றால் 30 ஆண்டு. இந்தக் கெடு அப்படியே இருக்கட்டும் என்று 2023இல் சட்ட ஆணையமும் தன் 280ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது.

அப்படியானால் நான்கு தலைமுறையாக உழும் பாட்டிக்கு உரிமை வந்திருக்க வேண்டுமே? வராது. காப்புக்காடு என்று அறிவித்த நிலத்தில் அனுபவத்தால் எந்த உரிமையும் பிறக்காது என்று 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் கதவைச் சாத்திவைத்திருக்கிறது. காப்புக்காட்டுக்கு வெளியே இருந்தாலும் இந்த வாதத்தை வைக்க அவர் முதலில் என்ன சொல்ல வேண்டும் தெரியுமா? "இது என்னுடையதல்ல, அரசுடையது, நான் அதை எதிர்த்துப் பிடித்து வைத்திருக்கிறேன்" என்று. தன் பாட்டன் திருத்திய கொல்லையில் தானே திருடி என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த விதி அவரைத் திரும்பிப் பார்க்கும்.

அவரிடம் ஏன் காகிதம் இல்லை? இந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்து, 1976இல்தான் அந்த ஆட்சி முடிந்தது. அதுவரை மக்கள் ஜாகிருக்கு வரி கொடுத்தார்கள், கூலியில்லாமல் உழைத்தும் கொடுத்தார்கள். உழைப்பை வாங்கியவன் ரசீது எழுதித் தரவில்லை. பிறகு வந்த அரசு ரசீதைக் கேட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலம்கூட இல்லை. ஆந்திராவிலும் ஒடிசாவிலும் பழங்குடி நிலத்துக்கு இருக்கும் அந்த அரண் இங்கே கிடையாது.

மலையடிவாரத்துக்கு வாருங்கள். அங்கே சேரியின் கதையிலும் இதே பாடப் புத்தகம்தான். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. எங்களுக்கு வகுப்பெடுத்தவர், சொத்தை விற்கவே கூடாது என்ற நிபந்தனை செல்லாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆவது பிரிவை நடத்தினார். பஞ்சமி நிபந்தனை மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்டேன். "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்றார். பதில் ஒரு வரிதான்: அரசு கொடுக்கும் நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1895ஆம் ஆண்டின் அரசு மானியச் சட்டம் விலக்கு கொடுத்திருந்தது. அந்த ஒரு வரி தெரியாமல் வெளியே வரும் வழக்குரைஞர், பஞ்சமி நிலத்தை வேலி போட்டு வளைத்தவர் "நாற்பது வருசமா அனுபவிக்கிறேன்" என்று கோர்ட்டுக்கு வரும்போது வாயடைத்து நிற்பார். அல்லது அவருக்காகவே வாதாடுவார். 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். எந்தச் சொத்துரிமைத் தேர்விலும் அவர்கள் பெயரை நான் எழுத நேர்ந்ததில்லை.

'சாதிக்கும் சொத்துச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம், விதி எல்லோருக்கும் ஒன்றுதானே' என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. விதி ஒன்றுதான். வேலி போட ஆள்பலமும், கணக்கில் பேரேற்ற மணியக்காரனும் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அது பாட்டியைத் திருடி என்று ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த உரிமையை அங்கீகரிக்கிறேன் என்கிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்த நிலத்தில் இருந்தால் போதும், 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும், யாருக்கும் விற்க முடியாது. பரிசீலனை முடியும்வரை வெளியேற்றவும் முடியாது. அதிலும் ஒரு கோணல் உண்டு. பழங்குடிப் பட்டியலில் இல்லாத தலித் குடும்பம் அதே காட்டில் வாழ்ந்தால் 75 ஆண்டு வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். அதை எதிர்த்துத் தனியாகச் சண்டை போடுவோம். தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்ற உத்தரவு பட்டா வழங்குவதைக் கட்டிப்போட்டது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அவிழ்த்தது. அவிழ்ந்த பிறகும் ஏன் நகரவில்லை என்பதற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

உரிமை கோரும் மனுவை முதலில் வாங்க வேண்டியது அதிகாரி அல்ல, கிராம சபை. மனுதாரர் அல்லாத முதியவர் சொல்லும் வாக்குமூலம் சாட்சியம். கிணறு, வரப்பு, புதைகாடு சாட்சியம். ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சியம் வேண்டும், அவ்வளவுதான். பாட்டியின் பையிலுள்ள ரசீதுகளில் அரசின் முத்திரையும் தேதியும் இருக்கின்றன. அவற்றில் சில 2005க்கு முந்தையவை. அவரைத் தண்டித்த காகிதமே அவர் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி.

சட்டம் படிக்கும் தோழர்கள் பத்துப் பேர் வெள்ளிமலைக்கு வர முடியுமா? தனிநபர் உரிமைக்குப் படிவம் 'ஏ', சமூக உரிமைக்கு 'பி'. ஜெராக்ஸ் கடை வெள்ளிமலையில் உண்டு. எழுதத் தெரிந்த கைதான் குறைவு.