மூன்று பெடல், இரண்டே கால்!

யூடியூபில் 'செனா, என்எஸ்எக்ஸ், சுசூகா' என்று தேடிப் பாருங்கள். ஜப்பானின் சுசூகா டிராக்கில் ஒரு ஹோண்டா என்எஸ்எக்ஸ் பறந்துகொண்டிருக்கும். ஓட்டுபவர் பிரேசிலின் அயர்ட்டன் செனா, மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். காலில் ரேஸ் ஷூகூட இருக்காது. ஆபீஸுக்குக் கிளம்பியவர் போல லோஃபரும் வெள்ளை சாக்ஸும்தான். முகத்தை விடுங்கள், அந்தக் கால்களைக் கவனியுங்கள். வளைவு நெருங்கும்போது வலது கால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே நேரத்தில் மிதிக்கும். இன்ஜின் 'வ்ரூம்' என்று ஒருமுறை உறுமும். கியர் இறங்கும். அடுத்த நொடி இன்னொரு 'வ்ரூம்'.

வேகத்தைக் குறைக்கப் பிரேக் பிடிக்கும்போது எதற்காக ஆக்ஸிலரேட்டரையும் தொட வேண்டும்? கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கே குழப்பும் கேள்வி இது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். நான்காவது கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது. அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு வந்தால் இன்ஜின் சுமார் 5,500 சுற்று சுற்றியாக வேண்டும். ஆனால், கியர் மாற்றக் கிளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் வேகம் மளமளவென்று விழுந்துவிடும். இப்போது கிளட்சை விட்டால், அந்த இன்ஜினை 5,500-க்கு இழுத்து ஏற்றும் வேலை யார் தலையில் விழும்? டயர் தலையில்!

ரேஸ் கார்களில் பெரும்பாலும் பின் சக்கரம்தான் காரைத் தள்ளும். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்ந்துவிடுவதால், பின் டயர்களுக்குத் தரையில் பிடிமானம் ஏற்கெனவே குறைவு. அந்த நேரம் பார்த்து இந்தச் சுமையும் ஏறினால், யாரோ ஹேண்ட்பிரேக்கை ஒரு இழு இழுத்த மாதிரி பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். 150 கிலோமீட்டர் வேகத்தில் இது நடந்தால், கார் பம்பரமாகச் சுழன்று மண்ணில் போய் நிற்கும். மண்ணில் நின்றால் அதிர்ஷ்டம்.

அதனால்தான் கிளட்சை விடுவதற்கு முன்பே, ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டி இன்ஜினை 5,500-க்குத் தயாராக்கி வைக்கிறார்கள். இதற்கு 'ஹீல் அண்ட் டோ' என்று பெயர். குதிகாலும் விரலும் என்று அர்த்தம். பழைய ரேஸ் கார்கள் சிலவற்றில் ஆக்ஸிலரேட்டர் நடுவில் இருந்தது, பெடல்களின் அமைப்பே வேறு. இன்று பலரும் பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, பாதத்தின் வலது ஓரத்தைச் சாய்த்து ஆக்ஸிலரேட்டரைத் தட்டுகிறார்கள். கேட்க எளிது. பிரேக்கின் மேல் உள்ள அழுத்தம் இம்மியும் மாறாமல் இதைச் செய்வதில்தான் எல்லாமே இருக்கிறது.

நம்ம ஊர் பஸ் டிரைவர்களின் 'டபுள் கிளட்ச்' ஞாபகம் வருகிறதா? அது இதன் பெரியப்பா! கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ஆக்ஸிலரேட்டர், மறுபடி கிளட்சை மிதித்து அடுத்த கியர். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் உரசாமல் சேர அந்த வித்தை தேவைப்பட்டது. 1928-ல் காடிலாக் கொண்டுவந்த சிங்க்ரோமெஷ், கார்களில் அந்த வேலையை மெள்ள மெள்ள மிச்சப்படுத்தியது. ஆனால், சிங்க்ரோமெஷ் சமாளிப்பது பற்சக்கரங்களை மட்டும்தான். இன்ஜினுக்கும் டயருக்கும் இடையிலான சண்டையை ஓட்டுபவர்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐந்திலிருந்து நான்குக்குப் போக நினைத்து, அவசரத்தில் கை இரண்டாவது கியருக்குப் போய்விட்டால்? 'ரெவ் லிமிட்டர் இருக்கிறதே, காப்பாற்றாதா?' என்பீர்கள். காப்பாற்றாது. அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். இங்கே இன்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். எல்லை தாண்டிச் சுழன்றால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜின் அப்போதே காலி. அதனால் ரேஸ் பள்ளிகளில் வலியுறுத்தும் வரிசை இதுதான்: முதலில் பிரேக், வேகம் குறைந்த பிறகே கியர். காரை நிறுத்த கியரை நம்பாதே. பிரேக் பேடு விலை குறைவு, இன்ஜின் விலை அதிகம்.

சரி, கியரே இறங்காவிட்டால்? 1991 பிரேசில் கிராண்ட்பிரீயில் செனாவுக்கு அதுதான் நடந்தது. சொந்த ஊர் சாவோ பாலோ, இன்டர்லாகோஸ் டிராக், அதுவரை சொந்த மண்ணில் ஜெயித்ததே இல்லை. கடைசிக் கட்டத்தில் கியர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட, ஆறாவது கியர் மட்டுமே மிஞ்சியது. மெதுவான வளைவுகளிலும் அதே ஆறாவது கியர்! இன்ஜின் திணற, உடம்பே பலமாகப் போராடி, பின்னால் வந்த ரிக்கார்டோ பட்ரேஸை மூன்று விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தி முடித்தார். பரிசுக் கோப்பையைத் தூக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அந்த வருடம் செனாவின் மெக்லாரன்தான், கையால் கியர் போட்டு ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற கடைசி கார். 1989-லேயே ஃபெராரி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பட்டன் போன்ற துடுப்புகளை வைத்துக் கியர் மாற்றி, முதல் ரேஸிலேயே ஜெயித்திருந்தது. 1995-ல் ஃபோர்ட்டி என்ற சின்ன அணியின் காரோடு கியர் லீவர் ஃபார்முலா ஒன்னிலிருந்து விடைபெற்றது. சாலைக் கார்களிலும் 2009 மாடல் நிஸான் 370இசட் தானாகவே அந்த 'வ்ரூம்' கொடுத்துவிட்டது. வசதிதான். ஆனால், செனாவின் காலைப் பார்க்கும் சுகம் அதில் இல்லை என்பது என் கட்சி.

பைக் ஓட்டும் தம்பி தங்கைகளுக்கு: கேடிஎம் 390 டியூக், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்றவற்றில் இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், இதே பிரச்னைக்கான இயந்திர வைத்தியம். சடாரென்று கியர் இறக்கும்போது கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக்கொடுத்து, பின் சக்கரம் துள்ளாமல் காப்பாற்றும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக் காலை அண்ணா சாலையில் முயற்சி செய்யாதீர்கள். இரண்டு பெடல்களுக்கு நடுவே கால் தவறினால் முன்னால் நிற்கும் ஆட்டோ தாங்காது. ஆசை இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு நின்ற காரில் காலைப் பழக்குங்கள். பிறகு காலியான சாலையில், பிரேக் இல்லாமல், கியர் இறக்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டிப் பாருங்கள். கிளட்சை விடும்போது கார் குலுங்கவில்லை என்றால் சரியாகச் செய்கிறீர்கள்.

மலையில் இறங்க இந்த வித்தை எதுவும் வேண்டாம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளோ, கொல்லிமலையின் 70 வளைவுகளோ, இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், மொத்தச் சுமையும் பிரேக் மேல். பேடு சூடாகி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்படிப் பெடல் தளர்வதாகத் தோன்றினாலே ஓரங்கட்டி, பிரேக் ஆறும்வரை ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.